திருமணக் காணொளிகளை எஸ்எஸ்டியில் ஏற்றி பீரோவில் வைக்கலாமா?

கோபிசெட்டிபாளையத்தில் ஸ்டுடியோ நடத்தும் தாங்கள், டிவிடிகளில் உள்ள பழைய திருமணக் காணொளிகளை, ஏறத்தாழ 3 டிபி (டெராபைட்), ஒரே எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் கருவி) ஏற்றி பீரோவில் பூட்டி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. எஸ்எஸ்டி தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைக்கிறது. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும், சூடு கூடினால் இன்னும் விரைவாகக் கசியும். எழுதும் ஆயுள் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி, 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும் என்பதுதான் ஜெடெக் என்ற மின்னணுத் துறைத் தர அமைப்பின் தரநிலை. புதியது அதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும், சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் நிற்கும் பீரோவை நம்பி அதை விட முடியாது.

வெவ்வேறு நிறுவனங்களின் 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று ஸ்டுடியோவிலும் மற்றொன்று ஈரோட்டிலோ கோவையிலோ உள்ள உறவினர் வீட்டிலும் இருக்கட்டும். நகலெடுக்கும் நேரம் தவிர எதையும் கணினியோடு இணைத்து வைக்காதீர்கள்; பணம் பறிப்பதற்காகக் கோப்புகளை முடக்கும் ரான்சம்வேர் புகுந்தால் இணைந்திருப்பதையெல்லாம் பூட்டிவிடும். நகலெடுத்தவுடன் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை (கோப்பில் சிறிது மாறினாலும் இந்த எண் மாறிவிடும்) ஒரு மென்பொருளால் கணக்கிட்டு ஓர் உரைக் கோப்பில் சேமித்து, ஆண்டுக்கொரு முறை, ஆடி மாதம் தொழில் மந்தமாக இருக்கும்போது, மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். எண் மாறிய கோப்பை மற்ற டிஸ்கிலிருந்து மீட்டுக்கொள்ளலாம்.

தகவலைச் சேமிக்கும் காந்த நாடாவான எல்டிஓ டேப் 30 ஆண்டு வரை தாங்கும் என்கிறார்கள். ஆனால் அதன் டிரைவ் விலை ஒரு ஸ்டுடியோவுக்குக் கட்டுப்படியாகாது. எழுதும் டிவிடியின் சாயப் படலம் நாளாக நாளாக மங்கும் என்பதால், மாற்றும் வேலையை ஆகப் பழைய டிவிடிகளிலிருந்து தொடங்குங்கள்.