அடிமாட்டு லாரியை யார் மறிப்பது?

கேள்வி: எங்கள் ஊர் வழியாகப் பொள்ளாச்சியிலிருந்து இரவில் அடிமாட்டு லாரிகள் போகின்றன. நிற்க இடமில்லாமல் நெருக்கி ஏற்றுகிறார்கள். படுத்துவிட்ட மாட்டை எழுப்பக் கண்ணில் மிளகாயைத் தேய்க்கிறார்கள். இளைஞர்கள் சேர்ந்து லாரிகளை மறித்து மாடுகளை மீட்கப் போகிறோம். கேரளத்திலும் பசுவதைத் தடைச் சட்டம் வந்தால்தானே இதற்கு முடிவு?
- ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளம்

பதில்: மீட்ட மாடுகளை எங்கே கட்டப் போகிறீர்கள் ஐயா? இரண்டு பக்கக் கடிதத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லையே. இருபது மாடுகளுக்கு நாளைக் காலையிலேயே வைக்கோல் வேண்டும், தண்ணீர் வேண்டும், காலொடிந்ததற்கு மருத்துவர் வேண்டும். மாலை போட்டுப் படமெடுத்துக் கோசாலையில் விட்டுவிட்டு வந்தால், அங்கே பட்டினி கிடந்து சாகும். அதைப் படமெடுக்க யாரும் வர மாட்டார்கள்.

முதலில் மறியல். மாட்டைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 34ஆம் பிரிவில், கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட போலீசாருக்கும் அரசு அதிகாரம் அளித்தவர்களுக்கும்தான் தந்திருக்கிறது. சாலையில் கூடும் இளைஞர்களுக்கு அல்ல. ராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்தில் 2017இல் இப்படித்தான் மறித்தார்கள். சந்தையில் கறவை மாடு வாங்கிக்கொண்டு வந்த பெஹ்லு கான் அடிபட்டுச் செத்தார். அந்த வழி நம் பக்கம் வேண்டாம்.

அடுத்து, நீங்கள் கேட்கும் தடை. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பத்து வயதைத் தாண்டியது, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாது, அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிவிட்டது என்று சான்றிதழ் இல்லாமல் அங்கே மாட்டை வெட்ட முடியாது. அந்தச் சட்டம் உள்ள மாநிலத்திலிருந்துதான் உங்கள் ஊர் லாரிகள் வருகின்றன! கேரளமும் தடுத்தால் மாடு பிழைக்காது. இன்னும் தொலைவான ஊருக்கு, இன்னும் திருட்டுத்தனமாக, இன்னும் நெருக்கமாக ஏற்றப்படும்.

“மலையாளிகளின் நாக்கு ருசிக்காக” மாடுகள் சாகின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். பொள்ளாச்சிச் சந்தையில் செவ்வாயும் வியாழனும் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்களில் நம் தமிழ் ஆட்கள் இல்லையா? கன்று ஈனாமல் பசு பால் தராது. ஈனும் கன்றுகளில் பாதி காளைக்கன்று. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. திமிலில்லாத ஜெர்சிக் கலப்புக் காளையை ஏரில் கட்டுவதும் சிரமம். கறவை வற்றிய மாட்டுக்குத் தீவனம் போட எந்தப் பால் சங்கமும் லிட்டருக்கு ஒரு ரூபாய் கூட்டித் தருவதில்லை. விவசாயி தரகரைக் கூப்பிடுகிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். காலையில் காபி குடித்துவிட்டு அவரைக் கொலைகாரர் என்கிறவர்களைச் சொல்வேன். (பிறப்பதில் சுமார் 90 விழுக்காடு கிடாரியாக இருக்கும்படி பாலினம் பிரித்த விந்து இப்போது வந்திருக்கிறது. அதைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வாங்குவது, பத்து மறியலைவிட அதிகம் கன்றுகளைக் காப்பாற்றும்.)

ஆனால் வெட்டுவதற்கென்றே போகும் மாட்டையும் வதைக்க யாருக்கும் உரிமையில்லை. இந்த இடத்தில் உங்கள் கோபத்தோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி ஒரு சரக்கு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. தரையில் வழுக்காத கயிற்றுப் பாயோ பலகையோ வேண்டும். மாடுகள் கூடியவரை எஞ்சின் பக்கம் பார்த்து நிற்க வேண்டும். கூடவே ஓர் ஆள், பயணத்துக்குத் தகுதி உண்டென்று கால்நடை மருத்துவர் சான்று, எல்லாம் வேண்டும். கோபாலபுரம், மீனாட்சிபுரம், வாளையாறு வழியாகப் போகும் லாரிகளை நீங்களே பார்க்கிறீர்கள். இப்படி நெருக்கி ஏற்றி வதைத்ததற்கு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் போடும் அபராதம் என்ன? முதல் குற்றத்துக்குக் குறைந்தது 10 ரூபாய், மிஞ்சினால் 50 ரூபாய். பல பத்தாண்டுகளுக்கு முன் போட்ட தொகை அப்படியே நிற்கிறது. அபராதத்தை உயர்த்த நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவர வேண்டும் என்று 2014 ஜல்லிக்கட்டுத் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு வரைவை மக்கள் கருத்துக்கு வைத்தது. வைத்ததோடு சரி.

ஐம்பது ரூபாய்க்கு லாரிக்காரர் அஞ்ச மாட்டார். லாரி போய்விடும் என்றால் அஞ்சுவார். 2017ஆம் ஆண்டின் வழக்குச் சொத்து விலங்குகள் (அதாவது வழக்கில் பறிமுதலானவை) பராமரிப்பு விதிகள் இதற்கு வழி வைத்திருக்கின்றன. வழக்கு முடியும்வரை மாட்டின் தீனி, மருத்துவச் செலவுக்கு ஈடாக வண்டியை நிறுத்திவைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிட வேண்டும். வண்டி உரிமையாளர், மாட்டை அனுப்புகிறவர், பெறுகிறவர் எல்லோருமே அந்தச் செலவுக்குப் பொறுப்பு. வெறும் அபராதத்தோடு வழக்கை முடிக்க விடாமல், இந்த விதியை மாஜிஸ்திரேட்டிடம் தரும் மனுவில் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

மாவட்டந்தோறும் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் அமைத்து, நோயுற்ற விலங்குகளுக்கான விடுதி கட்ட இடமும் தர வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு விதிகள் மாநில அரசுக்குச் சொல்கின்றன. பாலக்காடு மாவட்டத்தில் அந்த விடுதி எங்கே, எத்தனை மாடுகளுக்கு இடமிருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மலையாளத்தில் எழுத வராது என்று தயங்க வேண்டாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம் என்கிறது. பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். இதே பக்கத்தில் போடுகிறேன்.