மணலும் சரளையும் சுமையின் கீழ்: கேள்வி பதில்

கேள்வி: நெருக்கமாக இறுகிய மணலைச் சறுக்கச் செய்தால் அது சுருங்காமல் விரிவது ஏன்?

பதில்: ஒன்றன் இடுக்கில் மற்றொன்று பொருந்திக் கிடக்கும் மணிகள் நகர வேண்டுமானால், பக்கத்து மணியின் மேல் ஏறித்தான் கடக்க வேண்டும், அந்த ஏற்றமே மொத்தப் பருமனைக் கூட்டுகிறது. 1885இல் பொறியாளர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதை விளக்கினார். ஈரக் கடற்கரையில் காலை ஊன்றும்போது பாதத்தைச் சுற்றி மணல் சற்றுநேரம் உலர்ந்தாற்போல் வெளுப்பதும் இதனால்தான்: விரிந்த இடைவெளிகளுக்குள் மேற்பரப்பு நீர் இறங்கிவிடுகிறது. தளர்ந்த மணல் இதற்கு மாறாகச் சுருங்கும். ஆனால் நெருக்கம், தளர்வு என்பவற்றை அடர்த்தி மட்டும் தீர்மானிப்பதில்லை. குறைந்த அழுத்தத்தில் விரியும் அதே மணல், அழுத்தம் மிகுந்தால் சுருங்கத் தொடங்கும்.

கேள்வி: மணலின் உராய்வுக் கோணம் (சறுக்கலை அது எவ்வளவு எதிர்க்கும் என்பதைக் காட்டும் அளவு) எவ்வளவு?

பதில்: எந்த மணல், எந்த அடர்த்தி, எந்த அழுத்தம் என்று சொல்லாத கேள்விக்கு எண் கிடையாது.

கேள்வி: சுமை மிகுந்தால் மணல் மணிகளே உடையும் என்கிறார்கள். ஆனால் மணலில் உள்ள குவார்ட்ஸ் எஃகையே கீறக்கூடிய கனிமம். அது மண்ணுக்குள் உடையும் என்பது மிகையில்லையா?

பதில்: கீறலைத் தாங்குவது வேறு, பிளவைத் தாங்குவது வேறு. எதிரெதிரான இரண்டு தொடுபுள்ளிகளில் அழுத்தப்படும் மணியின் நடுவே குறுக்காக இழுவிசை எழுகிறது. அங்கே ஏற்கெனவே இருக்கும் நுண்விரிசல் ஒன்று நீண்டால் மணி பிளந்துவிடும். மணி பெரிதாக இருந்தால் பெரிய விரிசலைக் கொண்டிருக்கும் வாய்ப்பும் மிகுதி என்பதால், ஒரே பாறையிலிருந்து வந்தாலும் பெரிய கல் சிறியதைவிடக் குறைந்த தகைவிலேயே (ஓர் அலகுப் பரப்பின் மேல் வரும் விசையிலேயே) உடையும். அப்படியானால் பெரியவை எல்லாம் பொடியாகிவிட வேண்டுமே என்று தோன்றும். ஆனால் முதல் உடைவில் எழுந்த துணுக்குகள் பெரிய மணியைச் சூழ்ந்ததும் சுமை பல தொடுபுள்ளிகளுக்குப் பகிரப்பட்டு அது தப்பித்துக்கொள்கிறது. துணையாக அண்டை மணிகள் அதிகம் இல்லாத சிறு மணியே அகப்படுகிறது. பல அளவு மணிகள் கலந்த மண், ஒரே அளவு மணிகளைவிட உடைவை நன்கு தாங்குவதும் இதனால்தான். உள்ளே வெற்றிடமும் மெல்லிய சுவரும் கொண்ட சிப்பித் துணுக்குகளாலான கடல்மணலோ, குவார்ட்ஸ் மணலுக்குத் தேவைப்படும் அழுத்தத்தில் சிறு பங்கிலேயே நொறுங்கிவிடும்.

கேள்வி: கட்டுமானத்தில் அவ்வளவு அழுத்தம் வருவதே இல்லை. இது ஆய்வகத்துப் பேச்சுத்தானே?

பதில்: சாதாரண அடித்தளங்களைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் நெருங்கிய மணலில் இறக்கப்படும் கடைக்கால் தூணின் நுனியில் பத்து மெகாபாஸ்கலுக்கும் மேற்பட்ட அழுத்தம் எழும். கற்களைக் குவித்துக் கட்டிய 200 மீட்டர் உயர அணையின் அடியில் கற்களின் எடை மட்டுமே ஏறத்தாழ 4 மெகாபாஸ்கலைத் தரும். இருப்புப்பாதைச் சரளையில் அழுத்தம் குறைவுதான். எனினும் திரும்பத் திரும்ப வரும் சுமை மூலைகளை உதிர்த்துக்கொண்டே இருக்கிறது.

கேள்வி (அதே நண்பர்): அணைக்கு வலிமையான பாறையைத்தானே தேர்ந்தெடுக்கிறார்கள்?

பதில்: வலிமை பார்க்கப்படுவது கைக்கடக்கமான பாறைத் துண்டில், அணையில் கொட்டப்படுவதோ பெருங்கல். கருவிக்குள் அடங்குவதற்காகச் சிறு கற்களை மட்டும் வைத்துச் சோதித்தால், முன் சொன்ன காரணத்தால், உண்மையைவிட நல்ல முடிவே கிடைக்கும். அதோடு நீரையும் கணக்கில் எடுங்கள். சுமை மாறாமலிருக்க, நனைந்த மாத்திரத்திலேயே கல்மேடு அமிழ்வதுண்டு. தொடுபுள்ளிகளில் தகைவேறி நிற்கும் விரிசல்கள் ஈரத்தில் விரைவாக நீள்கின்றன. வலிமையான பாறை என்ற ஒரு சொல்லை நம்பி அமிழ்வைக் கணக்கிடாதீர்கள்.

கேள்வி: நிலநடுக்கத்தில் உலர்ந்த மணலும் நீர்மம்போல் ஆகுமா?

பதில்: ஆகாது. 1964இல் ஜப்பானின் நிகாட்டாவில் கட்டடங்கள் சாய்ந்தது நீர் நிறைந்த தளர்மணலில். இது தனி அமர்வுக்குரிய பொருள்.

கேள்வி: சரளையின் உராய்வுக் கோணம் எத்தனை பாகை?

பதில்: இரண்டாம் பதிலில் மணல் என்று வரும் இடத்தில் சரளை என்று வாசித்துக்கொள்ளவும்.

கேள்வி: உடைவை எப்படி அளப்பது?

பதில்: சோதனைக்கு முன்னும் பின்னும் சலித்து, எந்த அளவு மணி எவ்வளவு இருக்கிறது என்பதை வளைவாக வரைந்து, அந்த இரண்டு வளைவுகளுக்கு இடைப்பட்ட பரப்பை ஒப்பிடுங்கள், 1985இல் மண் பொறியியலாளர் ஹார்டின் முன்வைத்த அளவீடும் இந்த அடிப்படையிலானதே. மண் மிச்சப்படுகிறதே என்று அதே மாதிரியை அடுத்த சோதனைக்கு வைக்காதீர்கள். ஒருமுறை நொறுங்கியபின் உங்கள் கையில் இருப்பது வேறு மண்.