நைல் நதிக்குக் காசிமேடு வழியாகப் போகலாம்

வடசென்னையில் 20 வருடமாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். நாகரிகங்களும் நிலவியலும் பற்றிய பாடத்துக்கு வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

வியாசர்பாடி, புதிய ஆசிரியர்: "நாகரிகங்கள் ஆற்றங்கரையில் தோன்றின" என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். அதற்குமேல் நகர மாட்டேன் என்கிறார்கள், டீச்சர்.

ஒரே ஓர் ஆற்றைச் சொன்னால் நகராது சார். இரண்டை அருகருகே வையுங்கள். அந்தக் காலத்தில், எத்தியோப்பிய மலைகளில் கோடை மழை பெய்து எகிப்தில் நைல் பெருகும். செப்டம்பர் வாக்கில் உச்சம் தொட்டு வடியும். வண்டல் படிந்த ஈர மண்ணில் உழவர் விதைப்பார். வெள்ளம் வரும் காலமும் விதைக்கும் காலமும் ஒத்துப்போயின.

இன்றைய ஈராக்கில் ஓடும் டைகிரிஸ், யூப்ரடிஸில் கதை வேறு. மலைப்பனி உருகி ஏப்ரல், மே மாதங்களில் வெள்ளம் வரும். அப்போது வயலில் கதிர் முற்றி நிற்கும்! கரை கட்ட வேண்டும், கால்வாய் வெட்ட வேண்டும், அதற்கு ஆள் திரட்ட வேண்டும், கூலிக்குப் பார்லி அளக்க வேண்டும். அளந்தால் கணக்கு எழுத வேண்டுமே? அங்கே கல்லும் நல்ல மரமும் அரிது, களிமண் ஏராளம். அதனால் களிமண் பலகையில் நாணல் குச்சியால் எழுதினார்கள். மிகப் பழைய பலகைகளில் பெரும்பாலானவை தானியம், ஆடு மாடு கணக்குதான். "வெள்ளம் ஏப்ரலில் வந்தால் நீ என்ன செய்வாய்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். ஒவ்வொரு மழைக்கும் வீட்டுக்குள் தண்ணீர் பார்த்த பிள்ளைகள் அவர்கள். பதில் தானாக வரும்.

காசிமேடு, ஒரு தாய்: லீவு நாளில் பையன் அப்பாவோடு கடலுக்குப் போகிறான். புத்தகத்தைத் திறந்தால் தூங்குகிறான்.

அவனுக்குத் தெரிந்த காற்றிலிருந்து ஆரம்பியுங்கள் அம்மா. நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. எகிப்தில் காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசும், நம் வாடை மாதிரி. தெற்கே போகப் பாய் விரித்தால் போதும், வடக்கே திரும்ப நீரோட்டம் இழுத்துக்கொள்ளும். எகிப்தியரின் சித்திர எழுத்தில்கூட தெற்கே போவதற்குப் பாய் விரித்த படகு, வடக்கே போவதற்குப் பாய் இல்லாத படகு. அவ்வளவு நீளமான நாட்டை ஓர் அரசால் ஆள முடிந்ததற்கு இது பெரிய காரணம். இதை அவனையே வகுப்பில் சொல்ல வையுங்கள் என்று அவனுடைய ஆசிரியரிடம் கேளுங்கள்.

எண்ணூர், ஒன்பதாம் வகுப்பு மாணவி: நம்ம ஊர் ஆற்றுக்கு வரலாறே இல்லையா மிஸ்?

இருக்கிறது கண்ணு! உங்கள் முகத்துவாரத்தில் கடலில் சேரும் கொசஸ்தலை ஆற்றின் மேல்பக்கம், பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-இல் அங்கே கற்கருவிகள் கண்டெடுத்தார்கள். அவற்றில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுக்கு முந்தையவை என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கணித்தார்கள். கருவி செய்யத் தோதான குவார்ட்சைட் கல்லும் தண்ணீரும் பக்கத்திலேயே கிடைத்ததால் மனிதர்கள் அங்கே தங்கினார்கள். ஊர், நகரம், எழுத்து எல்லாம் ரொம்பப் பின்னால் வந்தவை. பூண்டியில் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது, அப்பாவோடு போய் வா.

தண்டையார்பேட்டை, ஒரு தந்தை: புராஜெக்ட்டுக்குத் தெர்மாகோலில் பிரமிடு செய்யலாமா?

வேண்டாம். களிமண்ணில் வீட்டு மளிகைக் கணக்கை எழுதிக் காய வைக்கச் சொல்லுங்கள். செலவும் இல்லை.

திருவொற்றியூர், பி.எட். மாணவி: அப்படியானால் எல்லாவற்றையும் நிலமே தீர்மானிக்கிறதா?

இல்லைம்மா. மெக்சிகோவில் மாயா மக்கள் வாழ்ந்த யுகடான் தீபகற்பத்தின் வடபகுதியில் தரைமேல் ஆறே கிடையாது. சுண்ணாம்புப் பாறை இடிந்து உண்டான இயற்கைக் கிணறுகளை நம்பி நகரம் கட்டினார்கள். அப்புறம், மனிதரும் நிலத்தை மாற்றுவார்கள். அதற்கு உங்கள் தெருவே சாட்சி. நம் கரையோரம் அலை மணலை வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டியதும் மணல் தெற்கே தேங்கியது, மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து குறைந்து கடல் ஊரைத் தின்றது. இன்று அங்கே கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் கடல் எவ்வளவு தள்ளி இருந்தது என்று ஒவ்வொரு பிள்ளையையும் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். மறுநாள் வகுப்பை அங்கிருந்து தொடங்குங்கள்.