உயரமும் உடம்பும் இருக்கு, சினிமாதான்னு பையன் நிக்கிறானா?

அக்கா, உங்க மெசேஜ முழுசா படிச்சேன். பையன் ப்ளஸ் டூ முடிச்சிட்டான், ஆறடிக்கு மேல உயரம், வாலிபால் ஆடுன உடம்பு, இப்ப காலேஜே வேணாம் சினிமால வில்லன் ரோல் பண்ணப்போறேன்னு நிக்கிறான், நீங்க ராத்திரி தூக்கமில்லாம கிடக்கீங்க. புரியுது. ஆனா திட்டி அடக்கப் பாக்காதீங்க, இந்த வயசுல அது வேலைக்காகாது. அவன உக்கார வச்சு வுடி ஸ்ட்ரோட் பத்திப் பேசுங்க. டாய் ஸ்டோரி கார்ட்டூன் படத்துல வர்ற கவ்பாய் பொம்ம வுடிக்கு பேர் வந்ததே இவராலதான், அதச் சொன்னா காது குடுப்பான்.

1914ல லாஸ் ஏஞ்சலஸ்ல பொறந்த கறுப்பின நடிகர், ஆறடி நாலு அங்குலம். அங்க இருக்குற யூசிஎல்ஏ யுனிவர்சிட்டில டெகாத்லான்னு பத்து தடகளப் போட்டி சேந்த ஆட்டம், அமெரிக்கன் ஃபுட்பால் ரெண்டுலயும் கலக்கினவர், பின்னாடி பேஸ்பால்ல சரித்திரம் படைச்ச ஜாக்கி ராபின்சன் 1939ல இவரோட அதே டீம்ல ஆடினார். ஆனா அமெரிக்கன் ஃபுட்பாலோட பெரிய லீக் என்எஃப்எல்ல அப்ப கறுப்பின ஆட்டக்காரங்கள எடுக்கவே மாட்டாங்க. 1946ல அந்த லீக்ல இருந்த ராம்ஸ் டீம் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து பொது ஸ்டேடியத்த கேட்டப்போ கறுப்பின ஆட்டக்காரங்கள சேக்காத டீமுக்கு பொது ஸ்டேடியமான்னு கறுப்பினப் பத்திரிகைக்காரங்க விடாம கேள்வி கேட்டாங்க, அதுக்கப்புறம்தான் கென்னி வாஷிங்டன்ங்கற இன்னொரு கறுப்பின ஆட்டக்காரரயும் இவரயும் எடுத்தாங்க. அந்த சீசன் ஆடும்போது இவருக்கு வயசு 32, ஆட்டக்காரனுக்கு அது கிட்டத்தட்ட ரிட்டயர் ஆகுற வயசு! ஒரே சீசன்தான் ஆட முடிஞ்சுது. மனுஷன் உக்காந்து அழல, கனடா போய் கால்கரி டீம்ல சேர்ந்தார், 1948ல அந்த டீம் கனடா ஃபுட்பாலோட பெரிய கோப்பையான கிரே கப்ப ஜெயிச்சுது, அப்புறம் காசுக்கு மல்யுத்தம் பண்ணார், நடுநடுல சினிமா. அந்த ரோல் எல்லாம் பெரும்பாலும் அடிமை, காவக்காரன், ஆப்பிரிக்க வீரன், அதாவது சட்டையில்லாம வந்து நிக்கணும் அவ்ளோதான்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். 1960ல ஸ்பார்டகஸ் படம், ரோமானியங்க வேடிக்க பாக்க அடிமைகள சாகுற வரைக்கும் சண்ட போட வைக்கிற கதை. சண்டைக்கு முன்னாடி இவரும் ஹீரோ கிர்க் டக்ளஸும் ஒரு சின்ன மரக்கூண்டுக்குள்ள எதிரெதிரா காத்திருப்பாங்க, ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. அந்த முகத்தப் பாக்கச் சொல்லுங்க பையன. அப்புறம் சண்டைல ஜெயிச்சும் எதிராளியக் கொல்லாம, மேல உக்காந்து வேடிக்க பாக்குற ரோமானியங்கள பாத்து சூலத்த வீசுவார். கொஞ்ச நேரம்தான் வர்றார், ஆனா கோல்டன் குளோப்ங்கற ஹாலிவுட் விருதுக்கு நாமினேஷன் வந்துச்சு. வயசு அப்ப 46. உடம்பால கிடச்ச ரோல்தான், ஒத்துக்குறேன், ஆனா நம்ம மனசுல நிக்கிறது அந்தக் கண்ணும் அந்த அமைதியும்தான்.

அதே வருஷம் ஜான் ஃபோர்ட் எடுத்த சார்ஜன்ட் ரட்லெட்ஜ்ல கதையே இவரச் சுத்திதான், அப்பவும் டைட்டில்ல மொதப் பேர் வெள்ளைக்கார நடிகர் ஜெஃப்ரி ஹன்டர். எனக்கு இத எழுதும்போதே கோவம் வருது. எட்டு வருஷம் கழிச்சு இத்தாலிக்காரர் செர்ஜியோ லியோனே எடுத்த ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட் படத்துல ஆரம்பக் காட்சி, ரயில்வே ஸ்டேஷன்ல மேலேர்ந்து தண்ணி சொட்டுச்சொட்டா மொட்டத்தலைல விழுது, தொப்பிய போட்டுக்குறார், அதுல சேர்ந்த தண்ணிய நிதானமா குடிக்கிறார். அவ்ளோதான் நடிப்பு. உலகம் பூரா சினிமா படிக்கிறவங்க இன்னிக்கும் அதப் போட்டுப் பாக்குறாங்க.

அதனால பையன் கிட்ட "உன் உடம்பு மொத ரோல் வாங்கித்தரலாம், ரெண்டாவது ரோலுக்கு என்ன வச்சிருக்க"ன்னு கேளுங்க, பதில் சொல்ல டைம் குடுங்க. ஸ்ட்ரோடுக்கு ஒரு கதவு மூடுனா போய் நிக்க இன்னொரு தொழில் கைல இருந்துச்சு, உங்க பையனுக்கும் அது வேணும். டிகிரில சேத்து விடுங்க, எந்த டிகிரின்னு அவன் தேர்வு பண்ணட்டும், ஆனா விளையாட்ட சீரியஸா எடுத்துக்குற காலேஜா பாருங்க, ஸ்போர்ட்ஸ் கோட்டால அட்மிஷன் முடியுமான்னு விசாரிங்க, அவன் மேட்ச் சர்டிபிகேட் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க. சாயங்காலம் பக்கத்துல இருக்குற நாடகக் குழுல சேரட்டும், வசனமே இல்லாம மேடைல நிக்கக் கத்துக்கட்டும். சான்ஸ் வாங்கித்தரேன்னு யாராவது அட்வான்ஸ் கேட்டா ஒத்த ரூபா குடுக்காதீங்க, அவன் அழுதாலும் சரி. அட்மிஷன் கடைசித் தேதி எப்பன்னு மட்டும் இன்னிக்கே பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க அக்கா, அப்ளிகேஷன சேந்தே போடலாம்.