பாறைத் தவளையைப் பாடசாலைத் தொட்டியில் வளர்க்கலாமா?

கேள்வி: அக்கரைப்பற்றுப் பக்கத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சுற்றாடல் கழகப் பிள்ளைகளோடு நில்கல காட்டுக்குப் போனபோது, ஓடையோரத்து ஈரப்பாறையில் தட்டையான சின்னத் தவளைகளைக் கண்டோம். ஒரு மாணவன் யோகட் கப்பில் ஒன்றைப் பிடித்தும் விட்டான், விடச் சொன்னேன். அருகிவரும் இனம் என்றால், அடுத்த முறை நாலைந்தைக் கொண்டுவந்து பாடசாலைத் தாமரைத் தொட்டியில் பெருக்கலாமா?

பதில்: வேண்டாம் சேர். விடச் சொன்னதுதான் சரி.

படம் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இடத்தையும் தட்டை உடம்பையும் வைத்துப் பார்த்தால் நன்னோபிரிஸ் சாதிப் பாறைத் தவளையாக இருக்கலாம். இலங்கைக்கு மட்டுமே உரிய சாதி இது. இதிலுள்ள நான்கு இனங்களில், 1882 இல் விவரிக்கப்பட்ட ஒன்று அழிந்தே போய்விட்டது. நம் கிழக்குப் பக்கத்து இனத்துக்கு 2007 இல்தான் பெயர் வைத்தார்கள், வேடர் தலைவர்களைக் கௌரவித்து.

இந்தத் தவளைக்குக் குளம் தேவையில்லை. பாறைமேல் கசிந்து வழிகிற மெல்லிய நீர்தான் தேவை. உடம்பு தட்டையாக இருப்பது பாறை வெடிப்புக்குள் நுழைந்து ஒட்டிக்கொள்ள. முட்டையும் அந்த ஈர வெடிப்புகளில்தான். ஆண் தவளை பக்கத்திலேயே காவல் இருக்கும். வாற்பேத்தைகளைத்தான் பிள்ளைகள் பார்க்க வேண்டும்! நீந்துவதை விட, நீண்ட வாலை ஆட்டி ஈரப்பாறையில் ஊர்வதே அதிகம். அப்படியே பாசியைச் சுரண்டித் தின்னும். உங்கள் தொட்டியில் வழிகிற நீர் ஏது, வெடிப்பு ஏது? மீன் விட்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு விஷயம், தவளையோடு கூடவே இடம் மாறக்கூடிய நோய். கைட்ரிட் என்ற பங்கசு தவளைத் தோலைத் தாக்கி, உலகம் முழுக்கப் பல இனங்களை ஒழித்திருக்கிறது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், வேகமான ஓடைகளில் வாழும் லிட்டோரியா லோரிகா என்ற மரத்தவளை 1991 க்குப் பிறகு கண்ணில் படவே இல்லை. முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். 2008 இல், மழைக்காட்டுக்கு வெளியே, வெயில் நேரே விழும் ஓர் ஓடைப்பாறையில் மறுபடி கண்டார்கள். பங்கசு அங்கேயும் இருந்தது. சூடான பாறையில் அதன் கை ஓங்கவில்லை. பிறகு சில தவளைகளை நிபுணர்கள் இடம் மாற்றியபோதும், அதே ஓடையின் மேற்பகுதிக்குத்தான் கொண்டுபோனார்கள். தொட்டிக்கு அல்ல.

சட்டமும் இடம் கொடுக்காது. நில்கலவின் ஒரு பகுதி கல்லோயா தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. பூங்காவிலிருந்து எந்த உயிரையும் எடுத்துவரக் கூடாது.

சரி, கழகம் என்ன செய்யலாம்? போகும் முன் சப்பாத்திலும் வலைகளிலும் ஒட்டிய சேற்றைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயும் வரை வெயிலில் போடுங்கள். முழுதாகக் காய்ந்தால் அந்தப் பங்கசு தப்பாது; நம்மூர் வெயிலுக்கு அது பெரிய வேலையும் இல்லை. கையில் நுளம்பு எண்ணெய் பூசியவர்கள் ஓடை நீரில் கை வைக்க வேண்டாம், தவளை தோலால் உறிஞ்சும். பாறையில் சவர்க்காரம் போட்டுக் குளிப்பதும், சமைத்த சட்டி கழுவுவதும், படம் எடுப்பதற்காகக் கல்லைக் கல்மேல் அடுக்குவதும் என் கண்ணில் தவளை பிடிப்பதைவிட மோசம். அடுக்குவதற்காகப் புரட்டும் கல்லின் அடியிலும் முட்டை இருக்கலாம்.

பிடிக்காமலே படம் எடுக்கலாம்: முதுகு ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அளவுக்கு அருகில் ஒரு பேனை. திகதி, நேரம், பாறையில் நீர் வழிந்ததா இல்லையா என்று குறித்துவையுங்கள். மாரியில் ஒரு தடவை, கச்சான் வீசும் காலத்தில் ஒரு தடவை அதே பாறைக்குப் போனால், காய்கிற மாதங்களில் அவை எங்கே ஒதுங்குகின்றன என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். குறிப்புகளை வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ உயிரியல் படிப்பிக்கும் பல்கலைக்கழகத் துறைக்கோ கொடுங்கள். முகநூலில் படம் போடுங்கள், பரவாயில்லை. எந்த ஓடை என்பதை மட்டும் எழுத வேண்டாம்.