ஒரே மாவட்டம், இரண்டு மண்டலம்

கேள்வி: கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டியும் சிதம்பரமும் வெவ்வேறு வேளாண் காலநிலை மண்டலங்களில் இருப்பது ஏன்?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: மழை, மண், பாசனம், பயிர் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே தமிழகம் 7 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது, மாவட்ட எல்லை அதற்குத் தடையன்று. வடகிழக்குப் பருவமழை இரண்டு ஊர்களுக்கும் பொது, மண்தான் வேறு. பண்ருட்டிச் செம்மண்ணை அள்ளினால் விரலிடுக்கில் உதிர்ந்துவிடும். நீர் தேங்காத அம்மண்ணில் முந்திரியும் பலாவும் ஆழ வேரூன்றுகின்றன. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் வட்டங்களிலோ, கொள்ளிடமும் வீராணம் ஏரியும் நீர் தர, காலில் அப்பிக்கொள்ளும் வண்டல் களியில் நெல் விளைவதால், அவை காவிரி டெல்டா மண்டலத்தில் சேர்கின்றன. பண்ருட்டி வடகிழக்கு மண்டலத்தில் வருகிறது. வேளாண்மையை மட்டும் கருதும் இப்பகுப்பில், உப்புநீரில் நிற்கும் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்குத் தனியிடம் இல்லாதது பெருங்குறை என்றே கருதுகிறேன்.