உலக விழுமியக் கணக்கெடுப்பின் (World Values Survey, பல நாட்டு மக்களின் கருத்துகளைக் கேட்கும் ஆய்வு) தரவில் ஊழல் கூடினால் அரசு மீதான நம்பிக்கையும் கூடுவதாக வருகிறதே? சீனாவையும் சேர்த்து ஒப்பிடப் போகிறேன்.

நம்பிக்கைக் கேள்வியின் அளவுகோலைத் திருப்பிப் போடுங்கள், சரியாகிவிடும். 7ஆவது சுற்றின் நம்பிக்கைக் கேள்வியான கியூ71இல் (Q71) 1 என்றால் மிகுந்த நம்பிக்கை, 4 என்றால் துளியும் இல்லை. ஊழல் கேள்வியான கியூ112இலோ 10தான் அதிக ஊழல். தொடர்பின் கூட்டல், கழித்தல் குறி தலைகீழாக வருவது பெரும்பாலும் இதனால்தான். 5இலிருந்து விடையைக் கழித்துப் புது மாறி (variable) உருவாக்குங்கள்.

அதற்கு முன் ஒவ்வொரு விடையும் எத்தனை முறை வந்தது என்று காட்டும் அலைவெண் அட்டவணையை ஒருமுறை பாருங்கள். -1, -2 எல்லாம் ‘தெரியாது’, ‘பதில் இல்லை’ என்பதற்கான குறியீடுகள். நீக்காவிட்டால் கணக்கில் சேர்ந்துவிடும்.

அப்புறம், சீனாவைச் சேர்த்து ஒப்பிடுவதாகச் சொன்னீர்கள். அங்கே ரொம்ப நிதானம் வேண்டும். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டியல் முறையில் (பட்டியலில் எத்தனை கூற்றுகளை ஏற்கிறீர்கள் என்று எண்ணிக்கையை மட்டும் கேட்பது) மறைமுகமாகக் கேட்டபோது அரசுக்கான ஆதரவு, நேரடியாகக் கேட்டதைவிட ஏறத்தாழ 25 சதவீதப் புள்ளிகள் குறைவாக வந்தது.